தளர விட்ட கயிறு

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். அவர்களில் எங்கள் ஊர் மணப்பட்டிலேயே இருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன் கடைசி மகன் ஒருவன்தான். வலையில் ஒன்றும் விழாததால் அவனும் படகை விற்கப் பார்த்தான்.

அந்தச் சமயத்தில் கடலை ஆராயும் பெண் ஒருத்தி எங்கள் படகைக் கேட்டு வந்தாள். மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும் எவ்வளவு கலக்கின்றன என்று அளக்க வேண்டுமாம். கலந்தால்தான் அடியில் இருக்கும் சத்து மேலே வரும், அதைத் தேடி மீனும் வரும் என்றாள். கலக்கிறது என்று அவள் சொல்லிவிட்டால் மகன் படகை வைத்துக்கொள்வான் என்று நம்பினேன்.

நீளக் குழாய் போன்ற கருவியைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினார்கள். முதல் நாள் அளவெல்லாம் பாழ். கயிற்றைப் பிடித்தவன் என் மகன். எங்கள் வீட்டு ஆண்கள் தூண்டில் கயிற்றைத் தளர விட்டதே இல்லை. அதில் எனக்கு இன்றும் பெருமைதான். இதையும் அவன் விறைப்பாகவே பிடித்திருக்கிறான்.

"அண்ணா, அது தானா கீழ போவணும். நீங்க இழுத்துப் புடிச்சா தண்ணி ஆட்டம் தெரியாது, உங்க கை ஆட்டந்தான் தெரியும்" என்று சிரித்தாளாம்.

மறுநாள் அளந்துவிட்டுக் கரைக்கு வந்தவள் என்னிடம் சொன்னாள்: "மேல் தண்ணி சூடேறி மூடி மாதிரி கெடக்குது ஆயா. போன வருஷமும் கலக்கல, இந்த வருஷமும் கலக்கவே இல்ல."

"இன்னிக்கும் இழுத்துப் புடிச்சிருப்பான். கைப்பழக்கம் போவுமா? இன்னொரு தபா பாரேம்மா."

"இல்ல ஆயா. அண்ணன் இன்னிக்குச் சரியாத்தான் வுட்டாரு."

மகன் ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் படகு விலை போனது. இப்போது அவன் கம்பெனி வாசலில் காவல் நிற்கிறான்.

"பாப்பா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைப் படிச்சுக் காட்டுடி. உங்கப்பன் மேல பழி போடுற மாதிரி எங்கனா இருந்தா சொல்லு, அந்த வரிய அடிச்சுடலாம்."