நடுத்துண்டு

சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் தென்காசி வீட்டு ஆண்கள் சாயங்காலம் தவறாமல் பைக்கில் குற்றாலம் கிளம்பிவிடுவார்கள். நானும் கொஞ்ச காலம் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து போனவள்தான். அக்கா பெரியவளான வருடம் அவளோடு சேர்த்து என்னையும் நிறுத்திவிட்டார்கள். சீசன் கூட்டத்தில் பொம்பளைப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பது அப்பாவின் கேள்வி. அதற்கு அவர் பதிலை எதிர்பார்த்ததே இல்லை.

எனக்குப் பத்து வயதானபோது, பட்டாளத்திலிருந்து லீவில் வந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு பந்தயம் வைத்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளை எடுத்து, மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் கத்தரியால் கீழ்நோக்கி முக்கால்வாசி வெட்டினார்.

"ஏட்டி, ரெண்டு ஓரத்தையும் ரெண்டு கையில பிடிச்சு ஒரே இழுப்பு இழுக்கணும். நடுத்துண்டு தனியா வந்துட்டுன்னா நீ கேக்கதத் தாரேன்."

"அருவிக்குக் கூட்டிட்டுப் போவியளா மாமா? அக்காவையும்?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "செஞ்சிட்டாள்னா கூட்டிட்டுப் போ" என்றார். நடக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இழுத்தேன். இரண்டே துண்டு. நடுத்துண்டு ஒரு கையோடு ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஒரு நாளைக்கு ஒரு தாள்தான் என்பது மாமாவின் சட்டம். நான் ஒத்திகைக்காக வரப்போகும் நாட்களையும் கிழித்துவிட்டதால், எங்கள் வீட்டில் சனிக்கிழமையே திங்கள் வந்தது. அப்பா தப்பான ராகுகாலம் பார்த்து, ஒரு கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தார். எனக்கு நல்ல ஏச்சு கிடைத்தது.

ஆனாலும் விடவில்லை. வெட்டாத தாளை எவ்வளவு இழுத்தாலும் விரல்தான் நழுவியது, தாள் அசையவில்லை. வெட்டு விழுந்துவிட்டால் அதன் நுனியிலிருந்து சர்ரென்று கிழிந்தது. ஸ்கேல் வைத்து இரண்டு வெட்டையும் சமமாக வெட்டிப் பார்த்தேன். ஒன்று மயிரிழை ஆழமாகப் போயிருந்தாலும் அதுதான் முதலில் விட்டது. அது விட்டதும் மற்ற வெட்டை இழுக்க ஆளில்லை. அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. நடுத்துண்டை யாராவது பிடித்துக்கொண்டால் போதும்! ஆனால் இருப்பதோ இரண்டு கை.

மாமாவின் லீவு முடிய இரண்டு நாள் இருந்தது. எல்லோரும் கூடியிருக்க, தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்தேன். நடுத்துண்டைப் பல்லால் கவ்வினேன். ஒரே இழுப்பு. கைக்கொரு துண்டு, வாயில் மூன்றாவது!

"ஏ, வாயி கணக்குல வராதுட்டி!"

"வாயில பிடிக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே மாமா!"

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "சரி, போயிட்டு வாங்க" என்றார். அக்கா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். உலகத்தையே ஜெயித்துவிட்ட மிதப்பு எனக்கு.

அருவிக்குப் போகிறவர்கள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டுதான் போவார்கள். அம்மா எங்கள் இருவருக்கும் சூடு பறக்கத் தேய்த்துவிட்டாள். பிறகு கிண்ணத்தில் மிச்சமிருந்ததைத் தன் தலையிலும் வழித்துத் தடவிக்கொண்டாள். எண்ணெயை வீணாக்க மனமில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு மாமாவின் பைக்கில் ஏறிவிட்டேன்.

பேரருவியில் பெண்கள் பக்கம் தண்ணீர் மண்டையில் மடேர் மடேர் என்று விழுந்தது. யார் பார்த்துக்கொள்வது என்று அப்பா கேட்டாரே, அக்காதான் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். இருவரும் தொண்டை கட்டும்வரை கத்தினோம்.

விறைத்துப்போய் வீட்டுக்கு வந்தால், அம்மா அதே எண்ணெய்த் தலையோடு அடுப்படியில் நின்றாள்.

"ஏம்மா, இன்னும் குளிக்கலியா?"

"ஊறட்டும்னு இருந்தேன். தண்ணி நல்லா விழுதாட்டி?"

"அடிச்சு நொறுக்குதும்மா!" என்றேன்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினைந்து வருடம் ஆகியும் அம்மா அந்த அருவியில் நனைந்ததே இல்லை. கேட்பதைத் தருகிறேன் என்று மாமா சொன்னபோது, எனக்கு இரண்டு பேருக்குத்தான் கேட்கத் தெரிந்திருந்தது.