மல்லாட்டைக்குத் தாங்காத உடம்பு

எண்பதுகளில் திருவண்ணாமலைப் பக்கம் வேர்க்கடலையைக் குறை சொல்வது சாமிக் குற்றத்துக்கு அடுத்தபடி. எங்கள் வாயில் அது மல்லாட்டை. எங்களுக்குக் கீழ்பென்னாத்தூரில் இருந்த கொல்லை நிலத்தில் விளைந்ததும் அதுதான். தின்றால் எனக்கு உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், காற்று நெஞ்சுக்கு வழி தெரியாமல் தொண்டையிலேயே முட்டி நிற்கும்.

"காணாக்கடி," என்றார் மந்திரிப்பவர். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடித்துவிட்டதாம். வேப்பிலை அடித்துப் பத்தியம் சொன்னார். கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, புளி கூடவே கூடாது. "கஞ்சி குடி. தொட்டுக்க மல்லாட்டைத் துவையல். அது ஒண்ணும் பண்ணாது."

ஊரையே உள்ளே தள்ளிவிட்டுக் கொலைகாரனைக் காவலுக்கு வைத்த தீர்ப்பு. துவையல் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. ஊசி போட்டு மூச்சைத் திருப்பித் தந்த டாக்டர், "இனிமே மல்லாட்டை தின்னா உயிருக்கு நான் பொறுப்பில்ல," என்றார்.

அப்பாவுக்குக் கோபம் டாக்டர்மேல். "என் கொல்லையில விளைஞ்சது என் புள்ளையக் கொல்லுமா? அதெல்லாம் கவர்மென்ட் விதை பண்ற வேலை. நம்ம நாட்டு ரகம் அப்படிப் பண்ணாதுடா." தட்டில் மறுபடி துவையல்.

என்னோடு படித்தவன் ஒருவன் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தான். கடலையிலுள்ள புரதங்களில் எது இந்த அட்டூழியத்தைச் செய்கிறது என்று தேடுவது அவன் வேலை. "கடலை ஆகாத ரத்தம் வேணும்டா," என்றான். அதுவரை என்னிடம் யாரும் எதையும் அத்தனை ஆசையாகக் கேட்டதில்லை. கொடுத்தேன். அப்பாவும் நாட்டு மல்லாட்டையைப் பை நிறையக் கட்டிக் கொடுத்தார், அது நிரபராதி என்று நிரூபித்து வரச் சொல்லி.

ரகம் ரகமாகக் கடலையின் புரதங்களைப் பிரித்துத் தாளில் ஏற்றி, அதன்மேல் என் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரை ஊற்றினானாம். என் உடம்பு பகைக்கும் புரதம் இருக்கும் இடத்தில் கறை விழும். தாளோடு வீட்டுக்கு வந்தான். எல்லா ரகத்திலும் ஒரே உயரத்தில் ஒரு கோடு. எங்கள் கொல்லையுடையது மட்டும் கன்னங்கரேலென்று தடித்திருந்தது.

"இதுதாங்கப்பா அந்தப் புரதம். எல்லாத்துலயும் இருக்குது. உங்களுதுல கொஞ்சம் ஜாஸ்தி."

அப்பா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "கவர்மென்ட் விதை எது?"

"இந்த மங்கலானதுங்க."

"சோப்ளாங்கி!" அப்பாவின் மீசை விரிந்தது. "நம்மளுது எப்படி நிக்குது பாரு!"

"ஏங்க, புள்ளைக்கு என்னா போடறது?" என்றாள் அம்மா.

"நம்ம மல்லாட்டை வீரியம் இவனுக்குத் தாங்காதுடி. இனிமே இவன் தட்டுல போடாத. மல்லாட்டை எண்ணெயும் வேணாம், நல்லெண்ணெயில செய்."

டாக்டர் உயிரைக் காட்டிச் சொன்னபோது நகராத துவையல், அப்பாவின் பெருமைக்கு வழிவிட்டு நகர்ந்தது. ஊரெல்லாம் என்னை நோஞ்சான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லட்டும். அன்றைக்கு நான் பயமில்லாமல் சோறு தின்றேன்.