ஏழாம் ஸ்லாட்டின் ஒரு யூனிட்

நடந்ததைத்தான் சொல்கிறேன். நம்பாதவர்களுக்குக் காட்ட, நேரம் குறித்த தாள் ஷோபனாவிடம் இன்னும் இருக்கிறது. போன ஜனவரி, ஒரு புதன்கிழமை. மாலை 5:50-இல் தொடங்கும் தாள்.

ஷோபனா இயற்பியல் படித்தவள். கூச்ச சுபாவம். நாலு பேர் கூடினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஊர் ஆலங்காயம். அக்டோபரில்தான் மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு கேரவன் கேம்ப்பில் கணக்கு எழுத வந்தாள். வீடு மாதிரி வண்டிகளை ஓட்டி வருகிறவர்கள் அங்கே நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் தங்குவார்கள். வண்டி நிறுத்தப் பன்னிரண்டு ஸ்லாட். ஒவ்வொன்றிலும் இடுப்பளவு இரும்புப் பெட்டி. உள்ளே ஒரு பிளக், ஒரு சுவிட்ச், ஒரு குட்டி மீட்டர். மாத வாடகை ஒன்பதாயிரம். கரண்டுக்குத் தனி, யூனிட் பதினைந்து ரூபாய்.

அந்தக் கணக்குதான் உதைத்தது. குட்டி மீட்டர்களை எல்லாம், ஆபீஸ் மீட்டரையும் சேர்த்து, கூட்டினாலும் மெயின் மீட்டரைத் தொடவில்லை. அக்டோபரில் 31 யூனிட் இடித்தது. நவம்பரில் 30. டிசம்பரில் 31.

முதலாளி அருள்மணி எலக்ட்ரீஷியன் பழனியைக் கூப்பிட்டார்.

“இன்னாடா, மிச்ச கரண்ட்ட மூட்ட கட்டி உன் வூட்டுக்கு எடுத்துனு போறியா?”

“சத்தியமா இல்லீங்க.”

“சனிக்கெழம வரிக்கும் டைம். யார்னு காட்டு. இல்லன்னா திருடன்னு எழுதி வெளிய அனுப்புவேன். இந்த மலைல ஒருத்தன் வேல குடுக்க மாட்டான்.”

வெளியே வந்த பழனி, “கரண்ட்ட டிபன் பாக்ஸ்லயா எடுத்துனு போவாங்க, நீயே சொல்லும்மா” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

ஷோபனா எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். 31, 30, 31. மாதத்தின் நாட்கள். நாளுக்குச் சரியாக ஒரு யூனிட். எந்தத் திருடன் இவ்வளவு ஒழுங்காகத் திருடுவான்?

புதன்கிழமை கேம்ப்பில் ஒரு வண்டியும் இல்லை. முதலாளி போளூர் போயிருந்தார். பழனியையும் அவள் ஆலங்காயத்துக்கு அனுப்பினாள்.

“நீங்க இங்க இருந்தா உங்க மேலதாண்ணா பழி வரும். போய்ட்டு ஏழரைக்கு வாங்க.”

“தனியாவா இருப்பே?”

“மீட்டரத்தானேண்ணா பாக்கப் போறேன்.”

அவர் தயங்கினார். “ஏழு கிட்ட மட்டும் போவாத. அதுல லைனே இல்ல. நான்தான் கட் பண்ணேன்.”

5:50. பன்னிரண்டு பெட்டிகளில் பதினொன்றின் சுவிட்சை அணைத்தாள். பூட்டிக் கிடந்த ஏழைத் தொடவில்லை. அது அவளுடைய ரெஜிஸ்டரிலேயே கிடையாது. ஆபீஸ் விளக்கையும் அணைத்துவிட்டு மெயின் மீட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அதன் முகத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு. ஒரு யூனிட் ஓடினால் 3200 முறை சிமிட்டும்.

6:00. பனி இறங்கி இருட்டிவிட்டது. விளக்கு சிமிட்டவில்லை.

6:10.

சிமிட்டியது.

மறுபடியும். மறுபடியும்... போனில் நேரம் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்கு ஐம்பத்து மூன்று. தாளில் கணக்குப் போட்டாள். ஆயிரம் வாட். வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் ராடு அவ்வளவுதான் இழுக்கும்.

யாரோ தண்ணீர் காயவைக்கிறார்கள்.

சாவிக்கொத்தையும் போனையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஒன்றிலிருந்து ஆறு வரை பெட்டிகள் இருட்டு. எட்டிலிருந்து பன்னிரண்டும் இருட்டு.

ஏழின் பெட்டி இடுக்கில் சிவப்பு தெரிந்தது.

6:21. திறந்தாள். பழனி சொன்னது உண்மை. வயர் இரண்டும் வெட்டி, டேப் சுற்றிக் கிடந்தன. டேப்பின் மேல் சிலந்தி வலை. வலை அறுபடவில்லை. பிளக்கில் எதுவும் இல்லை.

மீட்டர் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். ம்ம்ம்ங்... ராடு போட்ட வாளி, தண்ணீர் கொதிக்கும் முன்னால் முனகுமே, அது. போன் டார்ச்சைத் திருப்பினாள். வெறும் சிமெண்ட் தரை. அதிலிருந்து பனி எழுந்துகொண்டிருந்தது.

பனி இறங்கும். எழாது.

கையை நீட்டினாள். வெதுவெதுப்பாக இருந்தது.

ளப்.

தண்ணீரில் விரல் விட்டுப் பார்க்கும் சத்தம்.

கொஞ்ச நேரம் முனகல் மட்டும்...

ளப்.

பெட்டியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் சுருக்கென்றன.

ஓடினாள்.

ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு மெயின் மீட்டரைப் பார்த்தபடி நின்றாள். தாளில் இருப்பது இதுதான். 6:40, சிமிட்டுகிறது. 6:55, சிமிட்டுகிறது. 7:09.

7:10. நின்றது.

காலையில் அருள்மணியிடம் தாளை நீட்டினாள். அவர் படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார்.

“எத்தினி மணிக்கு நின்னுச்சு?”

“ஏழு பத்துங்க.”

உதட்டை நனைத்துக்கொண்டார். “பழனி இருக்கட்டும். அந்த யூனிட்ட என் கணக்குல எழுது.”

அன்று சாயங்காலம் ஜீப்பில் போகும்போது பழனிதான் சொன்னார்.

“சமையலுக்கு ஈஸ்வரின்னு ஒரு பொண்ணு இருந்துச்சும்மா. ஏழுல நின்ன பழைய வண்டிலதான் தங்கும். ராடு போட்டா முதலாளி சம்பளத்துல புடிப்பாரு. ஒரு நிமிசம் கூட ஓடிடக் கூடாதுன்னு, சுவிட்ச அணைக்காமயே கைய வுட்டு வுட்டுப் பாக்கும். போன வருசத்துக்கு முந்தின வருசம் செப்டம்பர்ல ஒரு நாள் அப்படிப் பாத்துச்சு. நான் அன்னிக்கு லீவு. கரண்ட் அடிச்சி பெட்டி மேலயே சாஞ்சி கெடந்துச்சாம், எவனும் கிட்ட போவல. மெயின் பெட்டி பூட்டு. சாவி முதலாளி இடுப்புல, அவரு போளூர்ல. வந்து அணைக்க ஒரு மணி நேரம் ஆச்சு.”

ஷோபனா நேரம் கேட்கவில்லை.

மறுநாள் பீரோவின் அடித்தட்டில் பழைய ரெஜிஸ்டரைத் தேடி எடுத்தாள். செப்டம்பர் பக்கம். 13-ஆம் தேதி வரை தினமும் கால் யூனிட், கால் யூனிட் என்று இருந்தது. 14-இல் அருள்மணியின் கையெழுத்தில் கடைசி வரி:

‘ஸ்லாட் 7. ராடு, 1 யூனிட். ஈஸ்வரி சம்பளத்தில் பிடித்தம் ரூ. 15.’