தவக்காலத்தில் ஒரு கோழி எலும்பு

நாய்க்கு எலும்பு போடலாமா என்று யாராவது கேட்டால், கூடாது, அதிலும் வெந்த கோழி எலும்பு கூடவே கூடாது என்று டாக்டர் மாதிரி சொல்லிவிடுவேன். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒன்பது வயதில், ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை, பாதித் தோட்டமும் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது கற்றுக்கொண்டேன். எலும்பு போட்டதற்கு அப்போதே வருத்தப்பட்டேன். அதற்குப் பிறகு பேசியதற்கு மட்டும் இன்றுவரை வருத்தப்படவில்லை, படவும் மாட்டேன்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் கேரளத்தில் சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். லயம் என்கிற வரிசை வீடுகள் இரண்டு. மேல் லயத்தில் நாங்கள், வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். கீழ் லயத்தில் மாரியம்மன் கோயில்காரர்கள். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வந்துவிட்டால் மேல் லயத்தில் நாற்பது நாளைக்குக் கறி வாசனை கிடையாது. அம்மா அந்த விஷயத்தில் போலீஸ். கறிச்சட்டியைத் துலக்கிப் பரணில் கவிழ்த்து, அதன்மேல் ஜெபப் புத்தகத்தை வைத்துவிடுவாள். புத்தகத்தைத் தொடாமல் சட்டியைத் தொட முடியாது.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். ஃபாக்டரியில் வேலை. ஆறடி உயரம் என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதையில் மரச் சிலுவையைத் தூக்குகிறவர் அவர்தான். முகத்தையும் அதற்குத் தோதாக வைத்துக்கொள்வார். பார்க்கிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது விறகுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து மாமாவின் கை மட்டும் நீண்டு என்னைக் கூப்பிட்டது. போனேன். வாழை இலைப் பொட்டலம். உள்ளே சுண்டவைத்த கோழிக்கறி.

“கண்ண மூடிக்கிட்டுத் தின்னு மாப்ளே. கண்ண மூடுனா பாவம் பாதிதான்.”

நான் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, பாவமே இல்லாமல் தின்றேன்.

எலும்பை என்ன செய்வது? எங்கள் லயத்து நாய்க்குச் சங்கு என்று பெயர். ஃபாக்டரி சங்கு ஊதும்போதெல்லாம் கூடவே ஊளையிடும். “மண்ணுல பொதைச்சா எவனாவது தோண்டிருவான். நாய் வயித்துல பொதைச்சா சாட்சியே கெடையாது” என்றார் மாமா. நான் ஒவ்வொன்றாகப் போட்டேன். சாட்சிகள் கடக்கு முடக்கென்று ஒழிந்தன. மாமா சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு சிலுவை தூக்கப் போய்விட்டார்.

கடைசியாகப் போட்டது ரெக்கை எலும்பு. சங்கு அதைக் கடித்தது. பிறகு வாயை மூட முடியாமல் அப்படியே நின்றது. முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டியது. எச்சில் நூலாக வடிந்தது. ஹக், ஹக் என்று ஒரு சத்தம். கண் இரண்டும் என்னையே பார்த்தன.

தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தேன். மீன் முள் சிக்கினால் அம்மா வெறுஞ்சோற்றை உருட்டித் தருவாள். உருட்டி ஊட்டினேன், வெளியே விழுந்தது. முதுகில் தட்டினேன். நாய்க்கு முதுகு எங்கே முடிகிறது என்று தெரியாமல் வால்வரை தட்டினேன். தண்ணீர் ஊற்றினேன், மூக்கில் ஏறியது. அப்போதுதான் அந்த யோசனை வந்து தொலைத்தது.

தொண்டைக்கென்று எங்களுக்கு ஒரு புனிதர் உண்டு. சிறுவன் ஒருவனின் தொண்டையில் சிக்கிய மீன் முள்ளை எடுத்தவர். வருஷத்துக்கு ஒரு நாள் சாமியார் இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகச் சேர்த்து ஒவ்வொருவர் தொண்டையிலும் வைத்து மந்திரிப்பார். மீன் முள் எடுத்தவருக்குக் கோழி எலும்பு ஒரு காரியமா? ஓடிப்போய் வீட்டிலிருந்து திரிகளை எடுத்துவந்தேன். புனிதரின் பெயர் அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று. “தொண்டைக்காரரே, கறி தின்னது நாங்கதான். இது எலும்பு மட்டுந்தான் தின்னுச்சு” என்று வேண்டிக்கொண்டு சங்கின் கழுத்தில் திரிகளை வைத்தேன்.

சாமியார் திரிகளைக் கொளுத்தமாட்டார். நான் கொளுத்தியிருந்தேன்.

மயிர் பொசுங்கும் வாடை வந்ததும் சங்கு பறந்தது. தேயிலைச் செடிகளுக்குள் நுழைந்து, சரிவில் இறங்கி, நேரே சிலுவைப்பாதை போகிற ரோட்டுக்கு. அணைந்த திரிகளோடு நான் பின்னால். டிஸ்பென்சரி முன்னால் ஜனம் முழங்காலில் இருந்தது. பதினான்கு ஸ்தலங்களில் மூன்றாவது, ஆண்டவர் முதல் தடவை கீழே விழுகிற இடம். சங்கு மாமாவின் காலடியில் போய் விழுந்தது. சாமியாருக்குப் பதிலாக ஜெபம் வாசித்துவந்த உபதேசியார் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

டிஸ்பென்சரியிலிருந்து கம்பவுண்டர் இறங்கி வந்தார். மலையாளி. கையில் விளக்கெண்ணெய்ப் பாட்டில். “பட்டிக்கு எந்தா கொடுத்தது?” நாயை அவர் பட்டி என்பார். “பச்சை எலும்பெங்கில் எண்ணெ கொடுத்தா போகும். வேவிச்ச கோழி எலும்பு ஊசி போலே ஒடியும். எண்ணெ ஊத்தி உள்ளே தள்ளினா கொடலைக் கீறும், பட்டி செத்துப்போகும். எதுன்னு சீக்கிரம் சொல்லு!”

சிலுவையைத் தோளில் வைத்தபடியே மாமா சொன்னார்: “தவக்காலத்துல கோழி எலும்பு எங்கருந்து சார் வரும்? வண்டு கிண்டு கடிச்சிருக்கும். எண்ணெயவே ஊத்துங்க.”

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கம்பவுண்டர் பாட்டில் மூடியைத் திருகினார். அதுவரை உடம்பெல்லாம் ஓடிய பயம் எந்த இடத்தில் கோபமாக மாறியதென்று எனக்குத் தெரியாது.

“கோழி எலும்புதான்! வெந்த எலும்பு! நான்தான் தின்னேன். வெள்ளிக்கிழமன்னு தெரிஞ்சேதான் தின்னேன். இப்ப என்னங்கிறீய?”

வீரமெல்லாம் வாயில்தான். கால்சட்டை நனைந்திருந்தது.

“அடப் பாவிப்பயலே” என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. “ஆண்டவரு விழுந்து கெடக்கயில ஒனக்குக் கோழி கேக்குதால?”

“ஆண்டவரா நாயச் சாவடிக்கச் சொன்னாரு?” என்றேன்.

கம்பவுண்டர் பாட்டிலைக் கீழே வைத்தார். மாமா சிலுவையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் சங்கைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிப் பிடித்தார். மேல்வாயில், இரண்டு பக்கப் பற்களுக்கும் குறுக்கே, எலும்பு உத்திரம்போல் நின்றது. கம்பவுண்டர் நீளக் கொறடு ஒன்றைக் கொண்டுவந்து ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார். சங்கு தலையை உதறியது. இரண்டு முறை தும்மியது. அப்புறம் கம்பவுண்டர் கையிலிருந்த அதே எலும்புக்கு எம்பியது.

கூட்டத்திலிருந்து அம்மா எழுந்து என்னிடம் வந்தாள். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் வலது கையைப் பிடித்துத் தூக்கி, விரல்களை மோந்து பார்த்தாள். மாமாவைப்போல எனக்குச் சோப்புப் போடத் தோன்றியிருக்கவில்லை.

“யாருல ஆக்குனது?”

“நான்தான் தின்னேன்னு சொல்லுதேன்ல!”

“தின்னத யாரு கேட்டா? ஆக்குனது யாரு? தேங்காய வறுத்து, சோம்பு வச்சு, எம்புட்டுப் பதமா அரைச்சிருக்கா.”

“நானே ஆக்குனேன்.”

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. திட்டவுமில்லை. தம்பியைப் பார்த்தாள். மாமா அவசரமாகக் குனிந்து சிலுவையைத் தூக்கிக்கொண்டார். எந்த வெள்ளிக்கிழமையும் அந்த முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

மீதி ஸ்தலங்கள் பதினொன்றையும் முழங்காலில் கடக்க வேண்டும் என்று உபதேசியார் எனக்குத் தண்டனை சொன்னார். இன்னும் பதினொன்று இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிற தோரணையில் முழங்காலை ஊன்றினேன். முட்டி உரிந்தது. கொஞ்சமும் வெட்கமில்லாமல் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். நாயையும் காப்பாற்றியாயிற்று, மாமாவையும் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மாவின் கேள்விதான் எனக்குப் படுமுட்டாள்தனமாகப் பட்டது. தின்றவன் இங்கே நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறேன், சமைத்தது யாராக இருந்தால் என்ன?

அம்மா அன்று ஜெபம் சொல்லிக்கொண்டே நடந்தாள். ஆனால் கண் மட்டும் கீழ் லயத்துக் கூரைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தது. எதைத் தேடினாள் என்று எனக்கு விளங்குவதற்கு இன்னும் மூன்று வருஷமும், இரண்டு லயமும் சண்டை போட்டுக்கொண்டே வந்து சாப்பிட்டுப் போன மாமாவின் கல்யாணமும் வேண்டியிருந்தது.