டேங்க் நிறைந்தால் உரசும் டயர்

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. டீக்கடையில் டீ வரக் கொஞ்சம் தாமதமானாலே எழுந்துபோய்ப் பாய்லரை எட்டிப் பார்க்கிற ஆள் நான். ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்கிற ஆலை ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஆலையில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும்; அதை இங்கே எழுதப்போவதில்லை. அப்படிப்பட்டவனை ஒரு இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒரு மழைக்காலம் முழுக்கப் படுத்தி எடுத்தது.

கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் ஏற்றிப்போன பழைய ட்ரெய்லர் அது. பதிவுக் காகிதமெல்லாம் சரியாக இருந்ததால் வாங்கினேன். மேலே இரும்புச் சட்டம் அடித்து, அலுமினியத் தகடு போர்த்தி, ஜன்னல் வைத்து, உள்ளே ஒரு கட்டிலும் போட்டேன். என் ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். தெருவில் யார் கேட்டாலும் "கேம்பிங்" என்றேன். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்க்கப் போகிறோம் என்று கூசாமல் சொன்னேன். மாடியில் குடியிருப்பவர், "யூடியூப்ல போடுவீங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

நட்சத்திரமாவது ஒண்ணாவது! அந்தப் பெட்டிக்குள் பாதி இடம் கழிவறைதான். என் மனைவிக்காகக் கட்டினேன். கர்ப்பப்பை ஆபரேஷனும் அதற்குப் பிறகு கொடுத்த ரேடியேஷனும் அவள் உயிரைக் காப்பாற்றின. ஆனால் அதிலிருந்து அவளால் சிறுநீரை அடக்க முடியாது. வந்தால் வந்ததுதான். பேடு வைத்துக்கொள்ளலாமே என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். வைத்துக்கொண்டுதான் ஒரு முறை கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினாள். அது நனைந்து, புடவை நனைந்து, சீட்டும் நனைந்தது. பக்கத்தில் இருந்த பெண் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் நின்றுகொண்டாள். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. அன்றோடு என் மனைவியின் வெளியூர்ப் பயணம் முடிந்தது. ஜீப்பில் போகலாம் என்றாலும், பெட்ரோல் பங்க்கில் சாவி கேட்டு நிற்கிற நேரத்துக்குள் எல்லாம் ஆகிவிடும் என்பாள்.

போன வருஷம் மத்தூரில் அவள் அம்மா இறந்தபோதும் போகவில்லை. ஜீப்பை வாசலில் உறுமவிட்டுக்கொண்டு நான் நின்றேன். அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அடக்கத்தைப் போனில்தான் பார்த்தாள். அவளைத் தனியாக விட்டுவிட்டு நானும் போகவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் அவள் அம்மா பேச்சையே எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "இந்தக் கல்லறைத் திருநாளுக்கு அம்மாகிட்ட போவணும். எப்டின்னு தெரியல. ஆனா போவணும்" என்றாள். நவம்பரில் எங்கள் ஆட்கள் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுகிற நாள் அது. அன்று மாலையே ட்ரெய்லர் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கழுவி, புடவை மாற்றி, துவைத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வருவேன் என்றாள். ஆகவே கழிவறைக்குப் பக்கத்தில், வலது சக்கரத்துக்கு நேர் மேலே, முந்நூறு லிட்டர் டேங்க் ஒன்றை வைத்தேன்.

முதல் வெள்ளோட்டத்திலேயே கழிவறையின் பீங்கான் கோப்பை விரிசல் விட்டது. டேங்க்கில் அன்று தண்ணீர் இல்லை. பெட்டிக்கு அடியில் இருந்தவை ஜெனரேட்டர் கனத்துக்குப் போட்ட ஸ்பிரிங் பட்டைகள். லேசான பெட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போட்டன. பாகலூர் ரோட்டில் லாரிகளுக்குப் பட்டை கட்டுகிற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரருக்குக் குரல் பெரிசு. போனில் தெலுங்கில் ஒருவரைத் திட்டிக்கொண்டே என்னிடம் தமிழில் பேசுவார்.

"என்னா சார் உள்ள?"

"கட்டில், மெத்தை. நாங்க ரெண்டு பேரு. கொஞ்சம் பாத்திரம்."

"இதுக்கு எதுக்கு இத்தினி பட்டை?" என்று இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பட்டையைக் கழற்றிப் போட்டார். வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. எனக்குப் பரம சந்தோஷம். கழிவறைக் கோப்பையையும் ஃபைபரில் மாற்றினேன்.

வீட்டுக்கு வந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு அணைப் பக்கம் ஒரு சுற்றுப் போனேன். திரும்பும்போது ரப்பர் கருகுகிற நாற்றம். இறங்கிப் பார்த்தால், வலது டயர் மட்கார்டில் போய் உரசிப் பிசிறு பிசிறாக உரிந்திருந்தது. நெடுஞ்சாலையில் அவளை வைத்துக்கொண்டு போகும்போது இந்த டயர் வெடித்தால்?

மறுநாள் மறுபடியும் பட்டறை. ஆனால் போவதற்கு முன்னால் டேங்க்கைத் திறந்துவிட்டு முழுசாகக் காலி செய்துவிட்டுத்தான் போனேன். கதவுக்கும் பூட்டுப் போட்டேன். தளும்புகிற சத்தம் கேட்டால் என்ன தண்ணி என்பார், எதுக்கு என்பார், நான் என்னவென்று சொல்வது? என் பெண்டாட்டி விஷயத்தை ஊருக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? பட்டறைக்காரர் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். நான்கு விரல் தாராளமாகப் போனது.

"இத்தினி கேப்பு இருக்குது. எங்க சார் ஒரசுது?"

"ஒரசுதுய்யா! டயரப் பாரு!"

முணுமுணுத்துக்கொண்டே மட்கார்டை அறுத்து மேலே தூக்கிப் பற்றவைத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன், நிரப்பினேன், ஓட்டினேன், உரசியது. மறுபடியும் காலி செய்தேன், போனேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது. கல்லறைத் திருநாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போனது. ஷிப்டில் நிற்கும்போதும் மனசு டயரில்தான் கிடந்தது. காரணமில்லாமல் ஆட்கள் மேல் எரிந்து விழுந்தேன். வீட்டில் அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். நான் கை கழுவும்போது முகத்தை மட்டும் ஒரு தடவை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குத் திட்டு எவ்வளவோ மேல்.

கடைசியாகப் போனபோது பட்டறைக்காரர் வேலையில் கை வைக்கவில்லை. டயரைச் சுற்றி வந்தார். பூட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "எடுத்துனு போங்க சார், எனக்கு இந்த வேலை வேணாம்" என்றார். எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லை. ஆத்திரத்தோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கினால், பின்னாலேயே பட்டறைக்காரர் வண்டியில் வந்து நிற்கிறார்.

"கதவத் தொறங்க சார்."

"எதுக்குத் தொறக்கணும்? நீ யாரு, போலீசா?"

"போலீசு வந்தா மொதல்ல என் பட்டறைக்குத்தான் வரும். வலது பக்கம் மட்டும் டயரு தின்னுருக்குது. மெத்தையா சார் டயரத் தின்னும்? அத்திப்பள்ளியில கர்நாடகா சரக்கு பாக்கெட்ட ஏத்துறது, எல்லை தாண்டி வந்து எறக்குறது, காலிப் பெட்டிய என்கிட்ட கொண்ணாந்து பட்டை கட்டுன்றது. நானும் இந்த ஊர்லதான் இருக்கறேன் சார். எத்தினி வண்டி பாத்துருக்கறேன்!"

எனக்கு வந்த கோபத்தில் நாக்கு குழறியது. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவனைப் பார்த்துச் சாராயம் கடத்துகிறவன் என்கிறான்! "வாய அடக்கிப் பேசுய்யா!" என்று சட்டையைப் பிடிக்கப் போய்விட்டேன். மாடிக் குடித்தனக்காரர் குடும்பத்தோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தார். எதிர்வீட்டிலும் கதவு திறந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். ஆனால் அதைத் தெருவில் வைத்துச் சொல்வதா? கடத்தல்காரன் என்றே நினைத்துக்கொண்டு போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அப்போது அவள் வெளியே வந்தாள். நைட்டி மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, கையில் மாற்றுச் சாவியோடு. நேராகப் போய்ப் பூட்டைத் திறந்தாள்.

"அண்ணா, உள்ள வந்து பாருங்க."

"நீ உள்ள போ" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"இது கக்கூசு. இது தண்ணி டேங்க்கு, முந்நூறு லிட்டர். ஆபரேஷன் ஆனதுலருந்து எனக்கு ஒண்ணுக்கு அடக்க முடியாதுண்ணா. துணியிலயே போயிடும். எங்கம்மா செத்ததுக்குக்கூட நான் போவல. இப்ப கல்லறைக்காவது போவணும், அதுக்குத்தான் இந்த வண்டி. சாராயமும் இல்ல, கேம்பிங்கும் இல்ல."

மாடிக்குக் கேட்கிற குரலில்தான் சொன்னாள். பட்டறைக்காரர் உள்ளே போய் டேங்க்கை விரல் முட்டியால் தட்டினார். டங்கென்று வெற்றுச் சத்தம்.

"என்கிட்ட வரும்போதெல்லாம் இது காலியாம்மா?"

"காலிதான். ஒரு சொட்டு இல்லாம தொறந்து உட்டுட்டுத்தான் இவரு கொண்டாருவாரு."

அவர் நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டார். அதுவரை சார் என்றவர், "யோவ்!" என்று என் பக்கம் திரும்பினார். "தண்ணிய எறக்கிட்டு வந்து ஒரசுது ஒரசுதுன்னா நான் எதப் பாக்கறது? மொத நாளே சொல்லியிருந்தா மொத நாளே முடிஞ்சிருக்கும்! ஒடம்புக்கு வந்தத சொல்றதுக்கு என்னாய்யா வெக்கம்? புடி, டேங்க்க ரொப்பு!"

குழாயைப் பிடித்தேன். தண்ணீர் ஏற ஏற வலது பக்கம் தாழ்ந்துகொண்டே வந்தது. நான்கு விரலுக்கு மேல் போன இடத்தில் கடைசியில் ஒரு விரல்தான் போனது. மாடிக்காரரைக் கூப்பிட்டு ஏறச் சொன்னார். அவர் ஏறி ஒரு குதி குதித்ததும் டயர் மட்கார்டைத் தொட்டுவிட்டது. எனக்கு அழுகை வந்தது. எந்நேரமும் கத்துகிறவனுக்கு அழுகை வந்தால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை. குழாயைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

மறுநாளே முடித்துக் கொடுத்தார். டேங்க்கை ஓரத்திலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில், இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஆக்ஸிலுக்கு நேர் மேலே நடுவில் குறுக்காக வைத்தார். கழற்றிய பட்டைகளில் பக்கத்துக்கு ஒன்றைத் திரும்பக் கட்டினார். டேங்க் தளும்ப நிற்க, நான்கு பேரை மேலே ஏற்றிக் குதிக்கவைத்து, இரண்டு விரல் இடைவெளி நிற்பதைப் படம் எடுத்து அவளுக்குப் போனில் அனுப்பினார். எனக்கு அனுப்பவில்லை.

கல்லறைத் திருநாளன்று விடிந்ததும் கிளம்பினோம். லேசான தூறல். கண்ணாடியில் பின்னால் பார்த்தபடியே ஓட்டினேன். நாற்றம் வருகிறதா என்று ஜன்னலைத் திறந்து திறந்து மூடினேன். "ரோட்டப் பாருங்க" என்றாள் இரண்டு மூன்று தரம். சூளகிரி தாண்டியதும் என் தோளைத் தட்டினாள். ஓரம் கட்டினேன். அவள் இறங்கி ஓடி உள்ளே போனாள். நான் வெளியே காவல் மாதிரி நின்றேன். லாரிகள் போகிற வேகத்தில் பெட்டி ஆடியது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. காய்ந்த புடவையோடு வந்து சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி கொஞ்ச தூரம் போன பிறகு, "இவ்ளோதானா?" என்றாள். எனக்குப் புரிந்தது. போன வருஷமே இதைச் செய்திருக்கலாம். கிருஷ்ணகிரி வரைக்கும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மத்தூர்க் கல்லறைத் தோட்டத்தில் என் கொழுந்தியாள் எங்களுக்கு முன்பே வந்து கழுவி, பூ வைத்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மாமியாரின் கல்லறைக்குப் பளபளவென்று வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தார்கள். மனைவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்து, பக்கத்து வரப்பிலிருந்து ஈர மண்ணை ஒரு பிடி அள்ளினாள். அடக்கத்தன்று எல்லாரும் குழியில் போடுகிற ஒரு பிடி மண் அது. போடக் குழியில்லை. கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அந்த வெள்ளை டைல்ஸ் மேலேயே வைத்து, உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பரப்பினாள்.

"அக்கா, இப்பத்தான் கழுவுனேன்…" என்று கொழுந்தியாள் துணியோடு குனிந்தாள்.

"கை வெக்காத!" என்று கத்தினேன். மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மனைவி நிமிரவில்லை. இன்னொரு பிடி அள்ளி என் பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்க. என்னாலதான நீங்களும் போடல."

வாங்கிப் போட்டேன்.