மருதாணிக் கால்கள்

மலாக்காக் கோட்டை வாசலைத் தாண்டினால் குன்றின் அடியில் ஒரு தோட்டம். அதன் ஓரத்தில், பழைய சுல்தான் அரண்மனையைப் போலவே மரத்தால் எழுப்பிய அரண்மனை அருங்காட்சியகம். தோட்டத்துச் செடிகளைக் கத்தரிப்பது ஜெயமணி அக்காவின் வேலை. நான் தழைகளை அள்ளுவேன்.

பெம்பான் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய காலத்திலேயே அக்காவின் குதிகால் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. வெடிப்பில் ஏறிய கறுப்பு எந்தச் சவர்க்காரத்துக்கும் போகவில்லை. அரண்மனைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அதனாலேயே அவர் ஒருநாளும் படியேறியதில்லை. அந்தச் சன்னல்களைப் பார்த்தபடி சோறு உண்பார்.

"பலகையெல்லாம் மின்னுமாம். இந்தக் காலோட போனா அசிங்கம்லா, மலரு."

மூட்டுவலியால் இந்த மாதத்தோடு வேலையை விடுகிறார். "உள்ள பாக்காமலே போயிருவேன் போல" என்றார். அன்று தோட்டத்து மருதாணியைக் கத்தரித்தபோது, சாப்பாட்டு டப்பா நிறைய இலையை அடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை புடவையில் வந்தார். படியருகே செருப்பைக் கழற்றினார். பாதம் இரண்டும் செக்கச் சிவந்திருந்தன. வெடிப்புகள் கோலக் கோடுகளாகியிருந்தன.

டிக்கெட் கொடுத்த மலாய்க்காரப் பெண் குனிந்து பார்த்து, "கல்யாணமா அக்கா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தாள். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அக்காவின் கால் மறுபடி செருப்பைத் தேடியது.

யாரிடமும் வாய் திறக்காத நான் எப்படியோ, "ஆமா, இவங்கதான் பொண்ணு" என்று மலாயில் சொல்லிவிட்டேன்.

"அடியே! பேரன் எடுத்தவளுக்குக் கல்யாணமா?" சிரித்த சிரிப்பில் அக்கா முதல் படியை ஏறிவிட்டார்.

உள்ளே பலகை குளிர்ந்திருந்தது. மரச்சட்டங்களின் வழியே வெயில் கோடு கோடாக விழுந்தது. அதில் சிவந்த கால்கள் மிதந்து போவதுபோல் இருந்தது. சிம்மாசனத்தில் சுல்தான் பொம்மை. எதிரே தலை குனிந்த பிரதானிப் பொம்மைகள்.

"எல்லாரும் என் காலத்தான் பாக்குறாங்க" என்று அக்கா கிசுகிசுத்தார்.

சன்னலில் வெகுநேரம் நின்றோம். கீழே தோட்டம் பச்சைத் தண்ணீராய் அசைந்தது.

"மருதாணிய ஒரு பக்கம் ஒட்ட வெட்டிட்டேன் பாரு."

"உங்க காலுக்குத்தானே போச்சு."

இறங்கியதும் அக்கா செருப்பைப் போடவில்லை. கையில் எடுத்துக்கொண்டு, புல்லில் வெறுங்காலோடு கோட்டை வாசல்வரை நடந்தார்.