பாக்கியம் அக்காவுக்கு மெடிக்கல் கார்டு எடுக்கப் போன இடத்தில்

எங்கள் வீட்டில் சமையலும் துப்புரவும் பார்க்கிற பாக்கியம் அக்காவுக்கு இன்று மருத்துவ இன்சூரன்ஸுக்கான மெடிக்கல் கார்டு எடுக்கப் போனோம். பிரீமியத்தை நானே கட்டுகிறேன் என்று பல மாதம் கெஞ்சிய பிறகுதான் சம்மதித்தார்.

முதலில் உடம்பைச் சோதிக்க வேண்டும் என்றார் ஏஜெண்ட். தெங்கேராவில் ஒரு கிளினிக்கிற்குக் கூட்டிப் போனேன். பிரஷர் பார்க்கிற பட்டையைக் கண்டதும் அக்கா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. நீ மொத காட்டு, நான் பாக்குறேன்."

"என்னாக்கா, வலிக்காதுலா," என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன்.

நர்ஸ் அளந்து பார்த்தார். முகம் மாறியது. மறுபடியும் அளந்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார்.

"பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு. தலைவலி வருமா?" என்று கேட்டார் டாக்டர்.

"அடிக்கடி வரும். ஆபீஸ் டென்ஷன்னு நெனச்சேன்."

"நல்ல வேளை, இன்னைக்குப் பாத்தோம். இப்படியே விட்டிருந்தா ஸ்ட்ரோக்ல கொண்டுபோய் விட்டிருக்கும்."

அக்கா தன் பயத்தை மறந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னும் ஆவாதும்மா. நான் இருக்கேன்ல."

அவருக்குப் பிரஷர் சரியாக இருந்தது. கார்டும் கிடைத்துவிடும் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டார்.

அக்கா மட்டும் பயப்படாமல் இருந்திருந்தால் நான் கையை நீட்டியிருக்கவே மாட்டேன். அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், எனக்கு இனி உப்பு ஆகாதென்று அக்கா ஊறுகாய் பாட்டிலையும் கருவாட்டையும் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உப்புக் குறைந்த சாம்பாரைச் சாப்பிடப் பழகியவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.